பிரிண்டரைப் பார்த்த பிறகு லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் புராசசர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். மும்பையில் தாராவி 90 அடி ரோடு, மாட்டுங்கா லேபர் கேம்ப், சயான் கோலிவாடா பக்கம் நம் ஆட்கள் வீடுகளில் ஓடும் லேப்டாப்புகள் பெரும்பாலும் லாமிங்டன் ரோட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட். ஏதோ ஒரு கம்பெனி சில வருடம் உபயோகித்துக் கழித்த டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட். 4-ஆம் தலைமுறை, 6-ஆம் தலைமுறை. கீபோர்டு நன்றாக இருக்கும், திரை நன்றாக இருக்கும், உடம்பும் உறுதி. இதையெல்லாம் பங்கார்க்காரரிடம் எடைக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பல வகைகளில் நல்லதாக ஒன்றைப் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

நான் 90 அடி ரோடு பக்கம் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஓடுவது லினக்ஸ்தான். அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, என் லேப்டாப்புக்கும் போட்டுத் தாங்க" என்று வருகிறவர்களுக்கு மாலை நேரத்தில் போட்டுத் தருகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது, "எது நல்ல லினக்ஸ்?" நான் திருப்பிக் கேட்பது, "வீட்டில் என்ன பிரிண்டர் இருக்கு?" லினக்ஸ்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட உங்கள் வேலை, உங்கள் பிரிண்டர், உங்கள் ராம், உங்கள் டேட்டா பேக் ஆகியவற்றில் இருக்கும் வித்தியாசம் பெரிது. அதைத் தெரிந்துகொண்டால் எதைப் போடுவது என்பது தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, நேற்றும் முந்தாநாளும் கணினியில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் வெப், யூடியூப், பேங்க் வேலை, டிஜிலாக்கர், ஜிஎஸ்டி தளம், ரயில் டிக்கெட், கூகுள் மீட் இப்படி பிரவுசருக்குள் நடப்பவை எல்லாம் எந்த லினக்ஸிலும் நடக்கும். ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வரும்; குரோம் வேண்டுமென்றால் கூகுளே லினக்ஸுக்கும் தருகிறது. ஜூம், எனிடெஸ்க் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு.

அடுத்து, தாளில் சிவப்பு மையால் வட்டம் போட வேண்டியவை. கணக்கு எழுதும் டேலி பிரைம் விண்டோஸுக்கானது. கோரல்டிரா, ஃபோட்டோஷாப் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. வைன் என்ற மென்பொருளை வைத்து சில விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டலாம். ஆனால் சோறு போடும் வேலையை அதை நம்பி வைக்காதீர்கள். ஒரு அப்டேட்டில் நின்றுபோனால் அன்றைய தொழில் நின்றுபோகும். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், ஆதார் வழியாகப் பணம் எடுத்துக் கொடுக்கும் கைரேகைக் கருவி இவற்றை வைத்திருப்பவர்கள், விற்றவரிடம் லினக்ஸ் டிரைவர் (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) உண்டா என்று கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். ஆன்லைன் பரீட்சைக்காக சேஃப் எக்ஸாம் பிரவுசர் போடச் சொல்லும் கல்லூரி என்றால், அது விண்டோஸிலும் ஆப்பிளிலும்தான் ஓடும்.

எங்கள் பக்கம் தோல் பை வியாபாரம் செய்யும் ஒருவருக்கு நான் சொன்ன ஏற்பாடு இதுதான்: டேலி இருக்கும் டெஸ்க்டாப்பைத் தொட வேண்டாம், விண்டோஸிலேயே இருக்கட்டும். பில் அனுப்புவது, மெயில் பார்ப்பது, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது, பிள்ளைகள் படிப்பது ஆகியவற்றுக்கான இரண்டு லேப்டாப்புகளுக்கு லினக்ஸ். ஒரு வீட்டில் எல்லாமே ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

பி.எஸ்சி. ஐ.டி. படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் யோசிக்கவே வேண்டாம். சி, பைத்தான், ஜாவா, மைஎஸ்க்யூஎல், விஎஸ் கோட் எல்லாம் லினக்ஸில் சுகமாக ஓடும். இணையத்தின் சர்வர்களில் பெரும்பங்கு ஓடுவதும் இதில்தான் என்பதால், வீட்டு லேப்டாப்பில் பழகும் பழக்கம் வேலைக்கும் கைகொடுக்கும்.

பிரிண்டர்

இதற்கு நேரம் செலவழியுங்கள். லினக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் திரும்ப விண்டோஸ் கேட்டு வருவதற்கு நான் பார்த்த முதல் காரணம் பிரிண்டர்தான்.

மும்பையின் ஜெராக்ஸ் கடைகளிலும் டியூஷன் சென்டர்களிலும் அதிகம் கண்ணில் படும் லேசர் பிரிண்டர்கள் இரண்டு. ஒன்று எச்பி லேசர்ஜெட் 1020 வகை. இந்த வகைக்கு ஒரு விசேஷம் உண்டு: தன்னை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரை அது தனக்குள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். எச்பிஎல்ஐபி என்ற எச்பியின் லினக்ஸ் மென்பொருள் பல லினக்ஸ்களில் கூடவே வருகிறது. ஆனால் அந்த ஃபர்ம்வேர் வரும் பிளகின் என்ற துணைக் கோப்பு தனியாக, இணையத்திலிருந்து இறங்க வேண்டும். பிரிண்டரைச் செருகியதும் பெயர் பட்டியலில் வந்துவிடும், பிரிண்ட் கொடுத்தால் தாள் வராது. பிளகினை இறக்கினால் சரியாகிவிடும். பிளகினின் பதிப்பும் எச்பிஎல்ஐபியின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். லினக்ஸைப் பெரிய பதிப்புக்கு ஏற்றிய பிறகு பிரிண்டர் திடீரென்று மௌனமானால், பிளகினை மறுபடி இறக்கிப் பாருங்கள்.

இன்னொன்று கேனான் எல்பிபி 2900. அருமையான, உழைக்கும் பிரிண்டர். ஆனால் அது பேசும் மொழி கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழி. லினக்ஸுக்கு கேனான் கொடுத்த கேப்ட் டிரைவர் உண்டு, தன்னார்வலர்கள் எழுதிய திறந்த டிரைவரும் உண்டு. ஆனாலும் இரண்டையும் போட்டு ஓட வைப்பதற்குப் பொறுமையும் கமாண்ட் தெரிந்த ஒரு ஆளும் வேண்டும். இந்த பிரிண்டரே உங்கள் பிழைப்பு என்றால், அதோடு இணைந்த கணினியை விண்டோஸிலேயே விட்டுவிட்டு, அதை மற்றக் கணினிகளுக்கு நெட்வொர்க் வழியாகப் பகிர்வதைப் பற்றி யோசியுங்கள். இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்கி பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

எப்சன் இங்க் டேங்க் வகைகளுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கிறது, பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். பிரதர் நிறுவனமும் லினக்ஸுக்கு டிரைவர் கோப்புகள் தருகிறது. அண்மையில் வந்த வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு டிரைவரே தேவையில்லை. போனிலிருந்து நேரடியாகப் பிரிண்ட் எடுக்க முடிகிற பிரிண்டர் என்றால் லினக்ஸும் பொதுவாக அதைக் கண்டுபிடித்துவிடும். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே அளவுகோல் இதுதான்.

ராம் எவ்வளவு, டிஸ்க் என்ன

2 ஜிபி ராம் என்றால் எந்த லினக்ஸ் போட்டாலும் இன்றைய இணையப் பக்கங்கள் மூச்சு முட்டும். சிஸ்டம் லேசாக இருந்தாலும் குரோமில் ஐந்து டேப் திறந்தால் போதும், தீர்ந்தது. முடிந்தால் ராமை 4 அல்லது 8 ஜிபி ஆக்குங்கள். 4-ஆம் தலைமுறை லேப்டாப்புக்கு வேண்டிய பழைய டிடிஆர் 3 ராம் லாமிங்டன் ரோட்டில் கிடைக்கிறது. வாங்கும்போது லேப்டாப்பையே எடுத்துப் போங்கள். கடைக்காரர் கழற்றிப் பார்த்துச் சரியானதைப் போட்டுத் தருவார்.

அதைவிட முக்கியம், சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டி போடுவது. 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வீட்டுக்குப் போதும். எந்த லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாலும் வேகத்தில் இந்த மாற்றம் கொடுக்கும் வித்தியாசத்தை அது கொடுக்காது. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பழைய டிஸ்க் விண்டோஸோடும் ஃபோட்டோக்களோடும் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. அதை ஒரு கவரில் போட்டு, பெயர் எழுதி, உரிமையாளர் கையிலேயே கொடுத்துவிடுவேன். லினக்ஸ் பிடிக்கவில்லை என்றால் நான்கு திருகைக் கழற்றிப் பழையதை மாட்டினால் பழைய நிலைமை. இப்படிச் சொன்னதும் தயங்குகிறவர்களின் பாதி பயம் போய்விடும்.

இனி ஒவ்வொன்றாக

என் கடையில் ஓடுவதும், வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நான் போட்டுத் தருவதும் லினக்ஸ் மின்ட். 2006-இல் தொடங்கியது, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டியது. அதனால் உபுண்டுவுக்கென்று வரும் டிரைவர்களும் மென்பொருள்களும் பெரும்பாலும் இதிலும் ஏறும். கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரமும் வைஃபையும். விண்டோஸ் 7 பழகியவர் உட்கார்ந்தால் அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மும்பையின் பெஸ்ட் நிறுவன பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமாவுக்குப் போட்டுக் கொடுத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "செய்தித்தாள் படிக்கிற அந்த நரி எங்கே?" ஃபயர்ஃபாக்ஸை டெஸ்க்டாப்பில் வைத்துக் கொடுத்தேன். அதோடு சரி.

மின்டில் மூன்று முகங்கள், அதாவது திரைத் தோற்றங்கள், உண்டு: சின்னமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி ராம் இருந்தால் சின்னமன் போடுங்கள், பார்க்க அழகு, வசதிகளும் அதிகம். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. இரண்டுக்கும் நடுவில் மேட்டே. அதை விரும்பிக் கேட்கிறவர்கள் குறைவு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. மின்டில் எனக்குப் பிடித்த இன்னொன்று, டைம்ஷிஃப்ட் கூடவே வருவது. சிஸ்டம் இருக்கும் நிலையை அப்படியே ஒரு படம் போல எடுத்து வைக்கும். ஏதாவது கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம்.

உபுண்டு 2004-இலிருந்து இருக்கிறது. கனோனிக்கல் என்ற நிறுவனம் பின்னால் நிற்கிறது. இரட்டைப்படை ஆண்டு ஏப்ரல்களில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும், ஐந்து வருடம் இலவச அப்டேட். லினக்ஸுக்கு என்று மென்பொருள் செய்யும் நிறுவனங்கள் பல உபுண்டுவை வைத்துச் சோதிக்கின்றன. பல கல்லூரி ஆய்வகங்களிலும் அது இருக்கும். அதனால் ஐ.டி. படிக்கும் பிள்ளைகள், 8 ஜிபி ராம் வைத்திருப்பவர்கள் தைரியமாகப் போடலாம். 4 ஜிபிக்கு அதன் குனோம் முகம் கனமானது. அப்புறம், அதில் பல மென்பொருள்கள் ஸ்னாப் என்ற பொட்டலமாக வருகின்றன. ஃபயர்ஃபாக்ஸும் அப்படித்தான். இந்த ஸ்னாப்புகள் ஒரு நாளைக்கு நான்கு முறை தாமாகவே புதியது வந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இறக்கிக்கொள்ளும். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் ஒன்றரை ஜிபியில் காலம் தள்ளும் வீட்டில், மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துபோக இது ஒன்று போதும். மின்டில் ஸ்னாப்பை முதலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு மின்டை நான் முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்டிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: சாஃப்ட்வேர் மேனேஜரில் ஒரே மென்பொருள் இரண்டு வடிவில் தெரியும். ஒன்று சிஸ்டம் பேக்கேஜ், இன்னொன்று ஃபிளாட்பேக். முதன்முதலாக ஒரு ஃபிளாட்பேக் போடும்போது அதற்கு வேண்டிய அடித்தளமும் சேர்ந்து பல நூறு எம்பி இறங்கும். டேட்டா குறைவு என்றால் சிஸ்டம் பேக்கேஜையே எடுங்கள்.

சோரின் ஓஎஸ் அயர்லாந்திலிருந்து வருவது. விண்டோஸ் மாதிரி தோற்றத்தில் இருக்க வேண்டும் என்றே செய்தது. 18-ஆம் பதிப்பை விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த அதே நாளில் வெளியிட்டார்கள். கோர் பதிப்பு இலவசம், புரோவுக்குப் பணம். வீட்டு வேலைக்குக் கோர் போதும், புரோ வாங்கத் தேவையில்லை. தோற்றம் மாறினால் மிரளும் பெரியவர்களுக்கு நல்லது. மற்றபடி இதுவும் உபுண்டுவின் பிள்ளைதான்.

ஃபெடோரா புத்தம் புது லேப்டாப்புக்கு. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் நடக்கிறது, கெர்னல் என்ற அதன் மையப் பகுதி எப்போதும் புதிது, புதிய வைஃபை சிப்பும் புதிய கிராஃபிக்ஸும் இதில் சீக்கிரம் வேலை செய்யும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு. அதோடு சில வீடியோக்களை ஓட்டத் தேவையான, காப்புரிமை உள்ள கோடெக்குகளை அவர்கள் தருவதில்லை, ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற இடத்திலிருந்து நாமே சேர்க்க வேண்டும். தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு ஃபெடோரா. அத்தைக்கும் மாமாவுக்கும் வேண்டாம்.

டெபியன் இவற்றில் பலவற்றுக்குத் தாய்வீடு. 1993-இல் தொடங்கியது, உபுண்டுவும் மின்டும் அதன் வழி வந்தவை. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஒரு தடவை சரியாகப் போட்டுவிட்டால் அசையாது. முன்பெல்லாம் வைஃபை ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடிப் போட வேண்டும். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அது இன்ஸ்டாலரிலேயே வருகிறது. கடையில் பில் போடும் கணினி, டியூஷன் சென்டரில் வரிசையாக வைக்கும் கணினிகள் இவற்றுக்கு டெபியனோடு எக்ஸ்எஃப்சிஇ என் விருப்பம். 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. 32 பிட் மட்டுமே ஓடும் மிகப் பழைய நெட்புக்குகளுக்கு இந்தப் பதிப்பில் இன்ஸ்டாலர் கிடையாது, 12-உடன் நின்றுவிட்டது.

ராம் குறைந்த இயந்திரத்துக்கு லுபுண்டு, எம்எக்ஸ் லினக்ஸ் இரண்டும் உண்டு. லுபுண்டு எல்எக்ஸ்க்யூடி என்ற லேசான முகத்தோடு வரும் உபுண்டு, மூன்று வருட ஆதரவு. எம்எக்ஸ் டெபியனின் மேல் கட்டியது, அதன் சிறு கருவிகள் பழைய லேப்டாப் பழுது பார்க்கிறவருக்கு வரம். குபுண்டுவின் கேடிஇ பிளாஸ்மா முகம் ஆசைப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸைத் தமிழ்நாட்டு அரசு லேப்டாப்பில் பார்த்த பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்பார்கள். அதுவும் டெபியன் வழிதான், டெபியன் தெரிந்தால் அதுவும் தெரிந்த மாதிரி.

காலி லினக்ஸ் கேட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் பொறுமையாகச் சொல்கிறேன்: அது பாதுகாப்புச் சோதனை செய்யும் நிபுணர்களுக்கானது, அன்றாட வேலைக்கோ லினக்ஸுக்குப் புதியவருக்கோ அதைச் செய்தவர்களே சிபாரிசு செய்வதில்லை. மின்டையோ உபுண்டுவையோ போட்டுக்கொண்டு, படிப்புக்கு வேண்டிய கருவிகளை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி. ரியாக்ட் ஓஎஸ், ஹைக்கு இரண்டும் லினக்ஸே இல்லாத வேறு திறந்த மூல முயற்சிகள். ஆர்வத்துக்குப் போட்டுப் பார்க்கலாம், வீட்டு வேலையை அவற்றில் வைக்க முடியாது.

போடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும், 32 ஜிபி இருந்தால் இன்னும் நல்லது. வென்டாய் என்ற மென்பொருளைப் பென் டிரைவில் ஒரு முறை ஏற்றிவிட்டால், பிறகு மின்ட், உபுண்டு, டெபியன் என்று எந்த ஐஎஸ்ஓ கோப்பையும் (லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) சாதாரணமாக காப்பி செய்து வைக்கலாம். பூட் ஆகும்போது பட்டியல் காட்டும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். மின்ட் ஐஎஸ்ஓ ஏறக்குறைய 3 ஜிபி, உபுண்டு அதைப் போல இரண்டு மடங்கு. போன் டேட்டாவில் இறக்காதீர்கள். கல்லூரியிலோ வைஃபை உள்ள நண்பர் வீட்டிலோ இறக்குங்கள். அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

பென் டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் டெல், லெனோவோ திங்க்பேடில் எஃப் 12, எச்பியில் எஃப் 9 அழுத்தினால் பூட் பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் முழுசாக ஓடும். இந்த நிலையில் அரை மணி நேரமாவது உட்காருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சம் கூட்டும் பொத்தான் வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் சிஸ்டம் சரியாக எழுகிறதா பாருங்கள். யூடியூப் வீடியோவை முழுத்திரையில் ஓட்டுங்கள். பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் எடுங்கள். வேகத்தை மட்டும் இப்போது எடைபோட வேண்டாம், பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மந்தமாகத்தான் இருக்கும்.

வைஃபை பிடிக்கவில்லை என்றால் மனம் தளராதீர்கள். சில பழைய பிராட்காம் சிப்புகளுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும், இறக்க இணையம் வேண்டும். அதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி வழி நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே டிரைவரைக் காட்டும்.

ஏற்றும்போது

ஃபோட்டோ, ஆவணம் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, இன்னொரு கணினியில் செருகி நான்கைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். காப்பி ஆகிவிட்டது என்று நம்புவது வேறு, திறந்து பார்ப்பது வேறு. விண்டோஸும் கூடவே இருக்கட்டும் என்று நினைத்தால், முதலில் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் என்றால் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைக்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். விண்டோஸை முழுசாக மூட விடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்துங்கள். பிறகு இன்ஸ்டாலரில் விண்டோஸுக்குப் பக்கத்தில் போடு என்ற தேர்வை எடுக்கலாம்.

இரண்டும் சேர்ந்து இருந்தால் ஒரு குழப்பம் வரும்: லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். மெஷின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. பேட்டரி போய்விட்டதோ என்று பயந்து மதர்போர்டைக் கழற்ற வேண்டாம். லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தை வைக்கச் சொல்ல ஒரு வரி கமாண்ட் போதும்.

புது எஸ்எஸ்டி என்றால் இந்த வேலை எதுவும் இல்லை. முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள் என்று சொல்லி, ஊர் கேட்கும் இடத்தில் கொல்கத்தாவைக் கொடுத்தால் நேரம் சரியாகும். கீபோர்டுக்கு ஆங்கிலமே இருக்கட்டும். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

தமிழும் மராட்டியும் தட்ட

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு வினாத்தாள் தட்ட அமைத்துக் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். சாஃப்ட்வேர் மேனேஜரில், பல மொழிகளில் தட்ட உதவும் ஐபஸ் எம்17என் என்பதைப் போடுங்கள். இன்புட் மெத்தட் என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மறுபடி வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்சஸில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ஃபொனடிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் என்று பல முறைகள் வரும். டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர் டைப்ரைட்டர் எடுக்கட்டும். ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவருக்கு ஃபொனடிக். புதிதாகக் கற்பவருக்குத் தமிழ்99.

டீச்சருக்கு மராட்டி சுற்றறிக்கையும் தட்ட வேண்டியிருந்தது. அதனால் அவருக்கு இன்ஸ்கிரிப்ட் சொன்னேன். இந்திய மொழிகளுக்கெல்லாம் இன்ஸ்கிரிப்ட் ஒரே அமைப்பு. தமிழில் க இருக்கும் விசையில்தான் தேவநாகரியிலும் க இருக்கும். ஒன்றைக் கற்றால் தமிழ், மராட்டி, இந்தி மூன்றும் கைக்கு வரும். மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

அடுத்தது லிப்ரே ஆஃபீஸ். தமிழ் எழுத்தின் ஃபாண்டை மாற்றினால் மாறவில்லை என்று பலர் குறைப்படுவார்கள். லிப்ரே ஆஃபீஸ் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபாண்டும், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு இன்னொரு ஃபாண்டும் தனித்தனியாக வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் பகுதிக்குப் போய், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்து, தமிழைத் தேர்ந்தெடுங்கள். இப்போது கேரக்டர் ஜன்னலில் இரண்டு ஃபாண்டும் தனியாகத் தெரியும். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் வையுங்கள்.

பழைய வினாத்தாள்கள் யூனிகோடு அல்லாத பாமினி ஃபாண்டில் இருந்தால், விண்டோஸிலிருந்து அந்த ஃபாண்ட் கோப்பை எடுத்து வந்து இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். திறந்து படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். புதிதாகத் தட்டுவது மட்டும் யூனிகோடில் இருக்கட்டும். வேர்டில் வந்த கோப்பில் வரிகள் தாறுமாறாக இறங்கினால் பெரும்பாலும் கேலிப்ரி ஃபாண்ட் இல்லாததுதான் காரணம். அதே அளவில் செய்த கார்லிட்டோவைப் போட்டால் வரிகள் இடத்துக்கு வரும். பயோடேட்டாவை மட்டும் பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள்.

போட்ட பிறகு

முதல் நாள் வைஃபை உள்ள இடத்தில் வைத்து அப்டேட் மேனேஜரை முழுசாக ஓட விடுங்கள். டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டைம்ஷிஃப்டில் வாரம் ஒரு படம் என்று வையுங்கள். அது சிஸ்டத்தைத்தான் காப்பாற்றும்; உங்கள் ஃபோட்டோவையும் ஆவணத்தையும் வழக்கமாகத் தொடாது. அவற்றுக்கு வெளி டிஸ்க் தனியாக வேண்டும். பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி வையுங்கள். இணையத்தில் யாரோ எழுதிய நீளமான கமாண்டை, என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒட்டி என்டர் தட்டாதீர்கள்.

நான் போட்டுத் தரும் ஒவ்வொரு லேப்டாப்பின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்: எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு வரை ஆதரவு. மின்ட் 22 என்றால் 2029. உபுண்டு 24.04 என்றாலும் 2029. டெபியன் 13-க்கு நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் 2030. அந்த ஆண்டு பிறந்ததும் கொண்டுவரச் சொல்கிறேன். மின்டில் அடுத்த பெரிய பதிப்புக்கு ஏற அவர்களே கருவி தருகிறார்கள், கோப்புகள் அப்படியே இருக்கும். ஆனாலும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். எச்பி 1020 வைத்திருப்பவர்கள் பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், பிளகினைக் கடையிலேயே போட்டு ஒரு பக்கம் எடுத்துப் பார்த்துவிடலாம்.